நரந்தமும் நாரத்தையும்

சங்கச் செய்யுட்களைப் பயிலப் புகும் மாணவன் முதற்கண் நாடுவது அருஞ்சொற்பொருள் அட்டவணையையே. அங்கே ‘நரந்தம்’ என்னுஞ் சொல்லுக்கு நேரே ‘நாரத்தை’ என்று எழுதப்பட்டிருக்குமாயின் அவன் மனம் அமைதியுறும். நாரத்தை அவன் அறிந்த மரம். அதன் காயைக் கீறி உப்பிட்டு வெயிலில் உலர்த்துவதை அவன் தன் வீட்டிலேயே கண்டிருத்தல் கூடும். ஆதலின், பாட்டில் வந்த நரந்தமும் அடுக்களையில் உள்ள நாரத்தையும் ஒன்றெனக் கொண்டு அடுத்த சொல்லுக்குச் செல்வான். அவ்வாறு செல்பவன் அறியாமலே விட்டுச் செல்லும் பொருள் சிறிதன்று. ஏனெனில், இச்சொல் வருமிடங்களைத் தொகுத்து நோக்கின் அது ஓரிடத்துப் புல்லாகவும், ஓரிடத்துப் பூவாகவும், ஓரிடத்து ஆறு அடித்து வரும் மலைபடு பொருளாகவும், ஓரிடத்து அரசன் கையிற் கமழும் மணமாகவும் நிற்கின்றது.

இச்சொல்லைப் பற்றி இரண்டு கூற்றுக்கள் வழங்குகின்றன. நரந்தம் என்பது நாரத்தையின் பழம்பெயர் என்பது ஒன்று. அந்நரந்தமே வடமொழியிற் புகுந்து நாரங்கமாகி, பாரசீகரும் அராபியரும் வழியாக மேற்குத் திசை சென்று, ஆங்கிலத்தில் ‘ஒறேஞ்ச்’ என நின்றது என்பது மற்றொன்று. முதற்கூற்று உரைகளிலும் அகராதிகளிலும் அமைதியாக வாழ்கிறது. இரண்டாவது மேடைகளில் உரத்துப் பேசப்படுகிறது. இரண்டும் ஒன்றற்கொன்று முட்டுக்கொடுத்து நிற்றலால், ஒன்றைத் தொட்டால் மற்றையதும் அசையும். இவற்றைச் சான்றுகளின்மேல் நிறுத்திப் பார்த்தல் வேண்டும்.

புறநானூற்று 132 ஆம் பாட்டு ஆய் அண்டிரனை உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் பாடியது. வடக்கே இமயமும் தெற்கே ஆயின் குடியும் நில்லாவாயின் இவ்வுலகம் நிலைபிறழும் என்னும் பெருமித உரையிற் பாட்டு முடிகிறது. அவ்விமயத்தை வருணிக்கும்போது, நரந்தை என்னும் நறிய புல்லை மேய்ந்து, குவளை பூத்த சுனையின் நீரைப் பருகி, தகர மரத்தின் தண்ணிழலில் தன் பிணையொடு தங்கும் கவரிமாவைப் புலவர் காட்டுகிறார். ஈண்டு ‘புல்’ என்னுஞ் சொல்லைப் புலவரே வெளிப்படையாக வைத்துவிட்டமையின் ஐயத்திற்கு இடமில்லை. பதிற்றுப்பத்தின் 11 ஆம் பாட்டிலும் இதே காட்சி வேறோர் அழகோடு வருகிறது. இமயவரம்பன் நெடுஞ்சேரலாதனைப் பாடும் குமட்டூர்க் கண்ணனார், மலைச்சாரலில் துயிலும் கவரி, அருவியையும் நரந்தத்தையும் கனவிற் காண்பதாகப் பாடுகிறார். பகலில் உண்டதையும் பருகியதையும் விலங்கு இரவிற் கனாக் காண்கிறது என்னும் நுட்பத்தைச் சுவைக்க வேண்டுமாயின், நரந்தம் அவ்விலங்கின் இரையாதல் வேண்டும். முடமோசியார் ‘நரந்தை’ என்றார், கண்ணனார் ‘நரந்தம்’ என்றார், பொருள் ஒன்றே. ஆகவே அம் ஈறும் ஐ ஈறும் பெற்ற இரு வடிவங்களும் பழங்காலத்தில் ஒரு பொருள்மேல் வழங்கின என்பது இவ்விரு பாடல்களாற் போதரும்.

ஈண்டு ஒரு தடையை எதிர்பார்க்கலாம். நாரத்தையும் தோடையும் எலுமிச்சையும் அடங்கிய இனத்தின் பிறப்பிடம் இமயத்தின் தென்கிழக்கு அடிவாரம் என்று அறிவியலாளர் கூறுகின்றனர். 2018 ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த ஆய்வொன்று, இவ்வினத்தைச் சேர்ந்த 60 மரங்களின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு, அசாமின் கிழக்குப் பகுதி, மியன்மாவின் வடக்கு, யுன்னானின் மேற்கு ஆகியவை கூடும் நிலப்பரப்பை அத்தாயகமாகக் காட்டியது. அங்ஙனமாயின் இமயத்து நரந்தம் நாரத்தையே என்று கொள்ளலாகாதோ என்று ஒருவர் வினாவலாம். கொள்ளலாகாது. கவரி வாழ்வது பனிபடர்ந்த உயர்நிலம். நாரத்தை இனமோ கடும்பனியைத் தாங்காது வெம்மையான தாழ்வரையை நாடுவது. மேலும், முடமோசியாரின் இமயம் அவர் நேரிற் சென்று கண்ட இமயமன்று. குவளைச் சுனையும் தகர நிழலும் தென்னாட்டுப் புலவன் தன் நாட்டுப் பொருள்களைக் கொண்டு வடமலையை அலங்கரித்தமையைக் காட்டுவன. நரந்தைப் புல்லும் அவ்வாறே தெற்கிலிருந்து வடக்கே கொண்டுசெல்லப்பட்ட புல் என்று கொள்வதே பொருத்தம். அறிவியல் ஆய்வு ஒரு மரத்தின் பிறப்பிடத்தைக் கூறும். ஒரு செய்யுட் சொல்லின் பொருளைக் கூறாது.

பொருநராற்றுப்படையிற் கரிகாலனது நாட்டை வாழ்விக்கும் காவிரியை முடத்தாமக்கண்ணியார் பாடுமிடத்து, வெள்ளம் நறையையும் நரந்தத்தையும் அகிலையும் சந்தனத்தையும் சுமந்து வந்து துறைதோறும் இறக்கிச் செல்கிறது. நறை ஒரு மணக்கொடி. அகிலும் சந்தனமும் மணக்கட்டைகள். இவற்றின் நடுவே நிற்கும் நரந்தமும் மணத்தாற் சிறந்த பொருளாதல் வேண்டும் என்பது வெளிப்படை. பழம் நீரில் மிதக்கும் என்பதைக் கொண்டு நாரத்தம்பழம் என வாதிடலாம். ஆயின் உடன்வரும் மூன்றும் உண்ணும் பொருள்கள் அல்ல. இவ்விடம் இதற்குமேல் ஒன்றும் சொல்வதில்லை.

இனி, பூவாக வருமிடங்கள். கபிலர் குறிஞ்சிப்பாட்டிற் தலைவியும் தோழியும் கொய்து பாறையிற் குவித்த தொண்ணூற்றொன்பது பூக்களுள் நரந்தமும் ஒன்று. மணிமேகலையில் மலர்வனம் புக்க காதையிற் சாத்தனார் உவவனத்தை வருணிக்குமிடத்தும் நரந்தம் வருகிறது. இரண்டிடத்தும் நரந்தத்தை அடுத்து நாகம் நிற்பது கருதத்தக்கது. பின்வந்த புலவர் முன்னவரின் அடுக்கை மனத்திற் கொண்டு பாடினாரோ என்னும் ஐயம் எழுமாதலின், மணிமேகலையைத் தனித்த இரண்டாவது சான்றாக எண்ணுதல் முறையன்று. எனினும் இரண்டாலும் ஒன்று உறுதிப்படுகிறது: நரந்தம் என்னும் பெயரில் கொய்யத்தக்க நறுமலர் ஒன்று இருந்தது. புல்லின் பூவை எவரும் கொய்து குவியார். ஆதலால் இங்கே நரந்தம் மரமோ செடியோ ஆதல் வேண்டும். நாரத்தை என்னும் உரை பொருந்துமாயின் இவ்விடங்களிலேயே பொருந்தும். நாரத்தை இனத்தின் வெண்பூ தொலைவிலும் கமழ்வது என்பதை அம்மரத்தை வீட்டு முற்றத்தில் வைத்திருப்போர் அறிவர்.

மணிமேகலை அடுக்கில் மற்றொரு மரமும் நிற்கிறது. அது குருந்து. காட்டெலுமிச்சை எனப்படும் இம்மரம் நாரத்தையின் குடும்பத்தைச் சேர்ந்ததே. இலையைக் கசக்கினால் எழும் மணமும் அவ்வுறவைக் காட்டும். திருப்பெருந்துறையில் மாணிக்கவாசகர் குருவைக் கண்டது குருந்த மர நிழலில் என்பது சைவ உலகம் போற்றும் வரலாறு. பழந்தமிழர் இக்குடும்பத்து மரமொன்றுக்குக் குருந்து எனத் தனிப்பெயர் கொடுத்துப் போற்றியிருக்க, நாரத்தை மரத்தை மட்டும் அறியாதிருந்தனர் என்று சொல்வதும் மிகையாகும். ஆகவே நரந்தம் ஒருபோதும் நாரத்தையாகாது என்று மறுபுறஞ் சாய்தலும் தவறே.

மேனியிற் கமழும் மணமாக நரந்தம் வரும் பாடல்கள் இரண்டு ஈண்டு ஆராயத்தக்கன. ஒன்று குறுந்தொகையின் 52 ஆம் பாட்டு, பனம்பாரனார் பாடியது. களிறு மிதித்த மலைச்சாரலைக் கூறித் தொடங்கும் அப்பாட்டில் தோழி தலைவியை விளிக்குமிடத்து, அவளது திரண்ட கருங்கூந்தல் நரந்தம் கமழ்வதாகக் கூறுகிறாள். மற்றொன்று புறநானூற்று 235 ஆம் பாட்டு. அதியமான் நெடுமான் அஞ்சி வேல்பட்டு வீழ்ந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலை. இவ்விரண்டிடத்தும் உரையாளர் சிலர் பூ என்பர். சிலர் கத்தூரி என்பர். எளிமை கருதுவோர் நாரத்தை என்று எழுதி அமைவர்.

குறுந்தொகைப் பாட்டைப் பொறுத்தவரை முடிவு கடினமன்று. குறிஞ்சி நிலத்து மலைமகளின் கூந்தலுக்கு இமயத்துக் கத்தூரியைத் தேடிச் செல்லவேண்டுவதில்லை. அவள் கொய்து குவித்த பூக்களுள் நரந்தம் உண்டென்பதைக் கபிலர் கூறிவிட்டார். சூடிய பூவின் மணம் கூந்தலிற் கமழ்கிறது என்று கொள்வதே இயல்பு.

ஔவையார் பாட்டு அவ்வளவு எளிதிற் கைப்படுவதன்று. சிறிது கள் கிடைத்தால் தமக்கே தந்ததையும், பெரிது கிடைத்தால் தாம் பாடத் தானும் மகிழ்ந்து உண்டதையும், சோற்றைப் பலரோடு பகிர்ந்ததையும், ஊன் துண்டங்களை எடுத்துக் கொடுத்ததையும், அம்பும் வேலும் பாயும் இடத்தில் தானே முன்னின்றதையும் ஒவ்வொன்றாய் நினைந்து வரும் ஔவையார், அவன் தன் நரந்தம் கமழும் கையால் புலால் நாறும் தம் தலையைத் தடவிய நினைவிற்கு வருகிறார். இவ்விடத்திற் பாட்டின் உயிர் இருக்கிறது. கமழும் கைக்கும் நாறும் தலைக்கும் அவர் ஒரே வினைச்சொல்லையே வழங்குகிறார். ‘நாறுதல்’ என்னுஞ் சொல் அக்காலத்தில் நன்மணத்திற்கும் பொதுவாக வழங்கி, பிற்காலத்தில் இழிந்து தீநாற்றம் ஒன்றையே குறிக்கலாயிற்று என்பதை அறியாதார் இவ்வொப்புமையின் வலிமையை உணரமாட்டார். ஒரே வினையால் இரு மணங்களைப் பிணைத்து, அரசனுக்கும் பாடுவோருக்கும் இடையிலுள்ள தொலைவை அளந்து காட்டி, அதே வரியில் அத்தொலைவை அவன் கையாலேயே அழித்துவிடுகிறார் ஔவையார். புலாலுக்கு எதிர்நிற்கும் மணம் அரண்மனையின் மணமாக இருக்குமளவிற்கு அக்கை தலையைத் தீண்டிய அன்பும் பெரிதாகும்.

இவ்வாறு நோக்கின், ‘நாரத்தை மணக்கும் கை’ என்னும் உரை பாட்டைக் கெடுத்துவிடுகிறது. இக்கால மாணவனுக்கு நாரத்தை என்றதும் நினைவுக்கு வருவது காயின் கைப்பும் புளிப்பும் ஊறுகாய்ச் சாடியுமே. அரசன் ஊறுகாய் உண்ட கையோடு வந்தான் என்று அவன் எண்ணி நகைத்தால் குற்றம் அவனதன்று, உரை எழுதியவருடையது. நரந்தப்பூ அல்லது அதனோடு கூட்டிய சாந்து என்று பொருளுரைத்தால் பாட்டுப் பிழைக்கும். தகடூர் அரசனுக்குக் கத்தூரி கிடைத்திருத்தல் இயலாததன்று. ஆயினும் பிற சங்கப் பாடல்களில் நரந்தம் புல்லாகவும் பூவாகவும் தெளிவாக வந்திருக்க, இப்பாட்டிற்கு மாத்திரம் மூன்றாவதொரு பொருளைப் புகுத்துதற்குத் தனிக்காரணம் வேண்டும். அக்காரணம் பாட்டினுள் இல்லை.

ஈண்டுக் காட்டிய இடங்கள் எவற்றிலும் நரந்தம் கனியாக வரவில்லை என்பதும் நோக்கற்பாலது. அதை எவரும் உண்ணவில்லை. அதன் புளிப்போ சாறோ பேசப்படவில்லை. இதே அதியமான் இதே ஔவையார்க்குக் கிடைத்தற்கரிய நெல்லிக்கனியை ஈந்ததை அவர் புறநானூற்று 91 ஆம் பாட்டில் நன்றியோடு பாடியிருக்கிறார். கனியைப் பாடவேண்டிய இடத்தில் கனி என்றே பாடும் புலவர் அவர். நரந்தத்தைப் பாடும்போது மணத்தை மட்டும் பாடினார்.

அங்ஙனமாயின் ஒரு புல்லுக்கும் ஒரு மரத்தின் பூவுக்கும் ஒரே பெயர் வந்தது எவ்வாறு? இதற்கு விடை அகராதியில் அன்று, மூக்கிலேயே இருக்கிறது. எலுமிச்சம்புல் என்று இக்காலத்தில் வழங்கும் மணப்புல்லைக் கசக்கினால் எலுமிச்சையின் மணம் எழும். ஆங்கிலேயரும் அப்புல்லை எலுமிச்சையின் பெயராலேயே அழைக்கின்றனர். புல்லின் எண்ணெயிலும் எலுமிச்சையின் தோலிலும் சிற்றல் என்னும் ஒரே மணப்பொருள் உண்மையே அதற்குக் காரணம்; புல்லின் எண்ணெயில் அது மிகுதி, பழத்தோலில் அது குறைவு. இக்கால மக்கள் மரத்தின் பெயரைப் புல்லுக்கு இட்டது போலவே, பழங்கால மக்களும் ஒரு மணத்தின் பெயரால் புல்லையும் மரத்தையும் அழைத்திருத்தல் கூடும். நரந்தம் என்பது முதற்கண் ஒரு செடியின் பெயராகவன்றி ஒருவகை நறுமணத்தின் பெயராகவே வழங்கிற்று என்று கொண்டால், புல்லும் பூவும் காவிரி கொணர்ந்த பொருளும் அரசன் கையும் ஒரு நூலிற் கோவைப்படுகின்றன. கத்தூரி என்னும் பொருளும் அம்மணப்பொதுமை பற்றிப் பின்னர் ஏறியதாகக் கொள்ளலாம். நாரத்தையின் பழம்பெயர் நரந்தம் என்பதினும், நரந்தம் என்னும் மணப்பெயர் பிற்காலத்தில் நாரத்தை மரத்தில் வந்து தங்கிற்று என்பதே சான்றுகளுக்கு இயைந்த கூற்று.

இனி இரண்டாவது கூற்றாகிய மேலைநாட்டுப் பயணத்தைக் காணலாம். அப்பயணத்தின் பிற்பகுதியில் ஐயமில்லை. வடமொழி நாரங்கம் பாரசீகத்தில் நாரங் ஆயிற்று; அரபியில் நாரஞ்சு ஆயிற்று. அராபியர் ஐரோப்பாவிற்குக் கொண்டுசென்றது கைப்புத் தோடை. அவர்கள் நெடுங்காலம் ஆண்ட இசுப்பானியாவில் முதல் நகரம் கெடாமல் நரங்ஹா என்றும், போர்த்துக்கலில் லரஞ்சா என்றும் பெயர் நின்றது. இத்தாலியத்திலும் பிரெஞ்சிலும் அந்நகரம் முன்வரும் சொல்லோடு கலந்து மறைந்தது. ஆங்கிலேயரே நகரத்தை இழந்தனர் என்று பலர் எழுதுவது சரியன்று. ஆங்கிலம் அச்சொல்லைப் பிரெஞ்சிலிருந்து பெற்றபோதே அது நகரமிழந்த சொல்லாக இருந்தது. இன்சுவைத் தோடை பின்னர்ப் போர்த்துக்கேயர் வணிகத்தாற் பரவியபோது, அரபு, துருக்கி, கிரேக்க மொழிகளில் அதற்குப் போர்த்துக்கலின் பெயரே வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவன் பெயரைக் கனிக்கு இடுவது உலக வழக்கு.

ஐயமெல்லாம் முற்பகுதியிலே. நாரங்கம் என்னும் வடசொல் திராவிட மொழியொன்றிலிருந்து சென்றது என்று கருதும் மொழியறிஞர் உளர். வடமொழியில் அதற்குத் தெளிவான வேர் இல்லாமையும், இம்மரம் கிழக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்தமையும் அக்கருத்துக்கு இடந்தருகின்றன. அஃது ஏற்கத்தக்க ஊகம். ஆயின் மேடைகளிற் கூறப்படுவது அவ்வூகமன்று. ‘நாறும் காய்’ என்பதே நாரங்காயாகி நாரங்கமாயிற்று என்று அங்கே முடிவுரைக்கப்படுகிறது. இம்முடிபைத் தடுத்து நிற்பது ஓரெழுத்து. நாறுதல், நறுமை, நறை, நறவு என மணம்பற்றிய சொற்கள் யாவும் வல்லின றகரம் பெறுவன. நரந்தம், நாரத்தை, நாரங்கம் மூன்றும் இடையின ரகரம் பெறுவன. பழந்தமிழில் இவ்விரண்டும் மயங்குவதில்லை. அரமும் அறமும், கரையும் கறையும் ஒன்றாகா. மலையாளத்திலும் நாரங்ஙா என்னுஞ் சொல் இடையின ரகரத்தையும், நாறுதல் வல்லின றகரத்தையும் உடையன. மலையாளச் சொல் பழைய திராவிடச் சொத்தாயின் அதன் ரகரம் இக்கூற்றுக்கு எதிர்ச்சான்று. அது வடமொழியிலிருந்து திரும்பி வந்ததாயின் சான்றே ஆகாது. எப்பக்கம் சாய்ந்தாலும் நாறுங்காய்க் கூற்று நிற்பதில்லை. ஔவையாரும் பனம்பாரனாரும் நரந்தத்தை அடுத்து நாறுதலை வைத்தது ஒலியின்பங் கருதிய மோனை; அதைப் பிறப்பிலக்கணம் என்று கொள்ளுதல் புலவர்க்கும் இலக்கணத்திற்கும் அநீதி.

மேலும், நரந்தம் என்பதன் ‘ந்த’ நாரங்கத்தின் ‘ங்க’ ஆதற்கு விதி காட்டப்படவில்லை. நரந்தை நாரத்தை ஆனது என்பதற்காவது ஓரளவு வழியுண்டு. மெல்லெழுத்து வலித்தலைத் தமிழிலக்கணம் அறியும். முதல் நீண்டது எங்ஙனம் என்பது மட்டும் எஞ்சும். ஊர்காவற்றுறையை அடுத்த நாரந்தனை என்னும் ஊர்ப்பெயரில் நெடிலும் ‘ந்த’வும் ஒருங்கே நிற்றலால், அதை இடைப்பட்ட வடிவத்தின் எச்சமாகக் காட்டத் தோன்றுவது இயல்பே. ஊர்ப்பெயர் ஒன்றைத் தனியே கொண்டு சொல்லின் வரலாற்றை எழுதுவது மணலின்மேற் சுவரெழுப்புவதாகும்.

வடநூலார் கூறும் கதையும் இதனின் மேம்பட்டதன்று. அமரகோசத்தில் இக்கனிக்கு நாகரங்கம் என்றும் ஐராவதம் என்றும் பெயர்கள் காணப்படுகின்றன. நாகம் யானையையும் குறிக்கும். ஐராவதம் இந்திரன் யானை. இதைப் பற்றிக்கொண்டு, இக்கனியை அளவின்றி உண்டு யானையொன்று மாண்டது என்று கதை கட்டினர். பெயரிலிருந்து கதை பிறந்ததேயன்றிக் கதையிலிருந்து பெயர் பிறக்கவில்லை. வடமொழிக் கதையைக் கண்டு நகைப்போர் நாறுங்காய்க் கதையைக் கண்டு ஏன் நகைப்பதில்லை என்பது அவர்களே விடையிறுக்க வேண்டிய வினா.

பெயர் ஒரு மரத்தைவிட்டு மற்றொரு மரத்திற்குச் செல்லும் இயல்புடையது என்பதற்கு இக்காலமே போதிய சான்று. நாரங்ஙா என்னும் பெயர் கேரளத்திற் பொதுப்பெயராய் நிற்க, அதனோடு ‘செறு’ சேர்ந்தால் தேசிக்காயைக் குறிக்கிறது. நாரிஞ்ச என்பது தெலுங்கில் தோடை. நாரங்கி என்பது இந்தியிலும் தோடை இனமே. சிங்களத்தில் நாரங் என்பது தோல் எளிதிற் கழலும் சிறுகனி. தோடம்பழத்திற்கு அம்மொழியில் தொடம் என்றும், தேசிக்காய்க்குத் தெஹி என்றும் பெயர்கள் உள. இவற்றுக்கும் ஈழத்துத் தமிழ்ச் சொற்களுக்கும் உள்ள ஒலியொப்புமை காது உள்ளோர்க்கு விளங்கும். தமிழ்நாட்டார் எலுமிச்சை என்பதை யாழ்ப்பாணத்தார் தேசிக்காய் என்பர். தமிழ்நாட்டார் மேற்குச் சென்று நகரமிழந்து மீண்ட சொல்லையே ஆரஞ்சு என வழங்க, ஈழத்தார் தோடம்பழம் என்னும் பழஞ்சொல்லைக் கைவிடாதிருக்கின்றனர். நாரத்தை என்னும் பெயரும் எல்லா ஊர்களிலும் ஒரே மரத்தைக் குறிப்பதன்று. ஒரே காலத்தில், பக்கத்துப் பக்கத்து நிலங்களில், ஒரு பெயர் இத்தனை கனிகளின்மேல் ஏறி நிற்குமாயின், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்திய நரந்தத்தின் பின்னே ஒரு தனி மரத்தைத் தேடிப் பிடிக்க முனைவது வீண்முயற்சி.

பம்பளிமாசு என்னும் பெயரும் இவ்வரிசையிற் சேர்வது. ஒல்லாந்தர் அப்பெருங்கனியைப் பொம்பல்மூசு என்றனர். அவர்கள் 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டவர்கள். தமிழ்நாட்டுக் கடற்கரையிலும் வணிகம் நடத்தியவர்கள். ஆகவே அவர்கள் சொல் தமிழிற் புகுந்தது என்பது ஒரு கொள்கை. தமிழ்ச் சொல்லே அவர்கள் வாயிற் புகுந்தது என்பாரும் உளர். பின்னதற்குச் சான்று தேடுவோர், ஒல்லாந்தர் வருகைக்கு முற்பட்ட தமிழ் நூலிலோ ஏட்டிலோ பம்பளிமாசைக் காட்டினால் வழக்கு ஒரு நாளில் தீரும். நரந்தத்திற்குச் சங்க நூல் இருக்கிறது. பம்பளிமாசுக்கு அத்தகைய முதற்சான்று காட்டப்படாத வரையில் பெருமை பேசுவது விரைவு.

இக்குழப்பத்திற்கு அகராதிகளும் ஒருவகையிற் பொறுப்பாகும். தமிழ் அகராதிக் கலைக்கு யாழ்ப்பாணம் செய்த பணி பெரிது. மானிப்பாய் அகராதி எனப்படும் யாழ்ப்பாண அகராதி 1842 இல் வெளிவந்தது. 1862 இல் வெளிவந்த வின்சுலோ அகராதிக்கும் அடித்தளம் இங்கே திரட்டப்பட்ட சொற்றொகையே. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகச் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட பேரகராதி அவ்வழியில் வந்த பெருமுயற்சி. பேரகராதி நூற்பெயர்களை மேற்கோளாகத் தந்து பெரியதோர் அடியை முன்வைத்தது. எனினும் நிகண்டு மரபிற் பழகிய தமிழுலகம், ஒரு சொல்லுக்குப் பல பொருள்களை வரிசையாக அடுக்குவதையே இன்றும் போதுமெனக் கருதுகிறது. எப்பொருள் எந்நூற்றாண்டில் முதலிற் காணப்படுகிறது, எப்பொருள் நிகண்டில் மட்டும் உள்ளது, எப்பொருள் செய்யுளிலும் உள்ளது என்று பிரித்துக் காட்டாத அட்டவணை, நாரத்தை, கத்தூரி, மணப்புல் என்னும் மூன்றையும் ஒரே தட்டில் வைக்கிறது. உரையெழுதுவோர் அவற்றுள் முதலில் நிற்பதை எடுத்துக்கொள்கின்றனர். மாணவன் அதனை மனப்பாடம் செய்கிறான்.

1894 இல் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சிட்டபோது, பழைய உரை 266 ஆம் பாட்டளவில் நின்றுவிட்டமையும், ஏடுகள் சிதைந்தமையும் பதிப்புப் பணியின் பெரும் இடர்களாய் இருந்தன. கிடைத்ததைப் பிழையின்றிக் காப்பதே அத்தலைமுறையின் கடன். சொல்லடைவுகளும் ஒப்பீட்டு அகராதிகளும் நிறைந்த இக்காலத்தில் ஓரிடத்துப் பொருளை ஈரிடத்தோடு ஒட்டிப் பார்க்காமல் எழுதுவதற்கு அந்த இடர் காரணமாகாது. 132 ஆம் புறப்பாட்டுக்கு மணப்புல் என்றும், குறிஞ்சிப்பாட்டுக்கு நறுமலர் மரமொன்று, நாரத்தை இனம் ஆகலாம் என்றும், பொருநராற்றுப்படைக்கு மலைபடு மணப்பொருள் என்றும், 235 ஆம் புறப்பாட்டுக்கு நரந்தப்பூவின் மணம் என்றும் இடந்தோறும் வேறுவேறாகக் குறிப்பெழுத நான்கு வரிகள் போதும். அவ்வாறு எழுதப்பட்ட பதிப்பைக் கையிற் கொண்டு அப்பாட்டைப் படிக்கும் மாணவன், ஔவையாரின் தலையைத் தடவிய கையில் ஊறுகாயைத் தேடமாட்டான்.